பழுதும் சான்றும்: மலாயாவின் பழைய வானொலிக் கருவிகள்

மலாயா நாட்டில் வானொலியைத் தோற்றுவித்தவர் யாவர் என வினவினால், அரசாங்கத்தாரே என்பது பலரும் கூறும் விடை. அவ்விடை பொருந்தாது. அரசாங்கம் வானொலியைத் தன் பொறுப்பில் ஏற்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, தனி மனிதர் சிலர் தம் வீட்டு மேசைமீது செப்புக் கம்பியையும் வால்வுகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில், ஊதியம் கருதாது அக்கலையை வளர்த்தனர். அவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்பர். அவர்கள் கால ஒலிவாங்கிப் பெட்டிகளும் ஒலிபரப்பிகளும் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றின் பழுதை நீக்கி மீண்டும் பேசச் செய்வது எவ்வாறு, அங்ஙனம் செய்கையில் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பவை கைத்தொழில் பற்றிய வினாக்கள் மட்டுமல்ல. அவை வரலாறு பற்றிய வினாக்களும் ஆகும்.

முதல் ஒலிகள்

1921-ஆம் ஆண்டில், ஜொகூர் அரசாங்கத்தில் மின்பொறியாளராகப் பணிபுரிந்த ஏ. எல். பர்ச் என்பார் இந்நாட்டுக்கு முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார். பின்னர் அவர் ஜொகூர் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தை நிறுவி, 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பத் தொடங்கினார். 300 மீட்டர் அலை என்பது நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வுகள் கொண்டதாகும். இதனைப் போன்ற சங்கம் பினாங்கிலும் தோன்றிற்று. அதனை அடுத்துக் கோலாலம்பூரில் மலாயாக் கம்பியில்லாத் தந்திச் சங்கம் அமைந்தது. 1930-ஆம் ஆண்டை ஒட்டிச் சிங்கப்பூர்த் துறைமுகத்தைச் சேர்ந்த ஏர்ல் என்பார் இரு வாரங்களுக்கு ஒருமுறை சிற்றலையில் ஒலிபரப்பினார். கோலாலம்பூர்ச் சங்கத்தாரோ புக்கிட் பெட்டாலிங் குன்றிலிருந்து 325 மீட்டர் அலையில் ஒலிபரப்பினர்.

அரசாங்கத்தின் பங்கு இதன் பின்னரே வந்தது. சிங்கப்பூரில் கால்டிகாட் குன்றில் அமைந்த ஒலிபரப்பு நிலையத்தை ஆளுநர் ஷென்டன் தாமஸ் 1937 மார்ச் 11-இல் திறந்து வைத்தார். அதுவும் ஒரு தனியார் நிறுவனமே. 1940-இல்தான் அரசாங்கம் அதனை ஏற்றது. ‘ரேடியோ மலாயா’ 1946 ஏப்ரல் 1-இல் தோன்றி, 1959 ஜனவரி 1 முதல் கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆகவே பர்ச் கொணர்ந்த கருவிக்கும் ரேடியோ மலாயாவுக்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்திருக்கிறது. அக்கால் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் வானொலி ஆர்வலர் கையிலேயே இருந்தது.

தமிழகத்திலும் இதே வரிசையைக் காணலாம். சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16-இல் சென்னை மாகாண வானொலிச் சங்கம் அமைந்தது. அவ்வாண்டு ஜூலை 31-இல் ஒலிபரப்பும் தொடங்கிற்று. பொருள் முடையால் 1927-இல் அச்சங்கம் ஓய்ந்தபோது, அதன் ஒலிபரப்பி சென்னை நகராண்மைக் கழகத்துக்கு அளிக்கப்பட்டது. கழகத்தார் 1930 ஏப்ரல் 1 முதல் தாமே ஒலிபரப்பினர். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல்தான் திறக்கப்பட்டது.

இலங்கையின் கதை இன்னும் வியப்பானது. கொழும்புத் தந்தி அலுவலகத்தில் தலைமைப் பொறியாளராயிருந்த எட்வர்டு ஹார்ப்பர் 1924-இல் ஒலிபரப்புச் சோதனை நடத்தியபோது, அவர் கருவிக்கு உறுப்புகள் தந்தது முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலியாகும். கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16-இல் முறையாகத் தொடங்கிற்று. பிற்காலத்தில் மலாயாத் தோட்டங்கள்தோறும் தமிழ்ப் பாட்டுக் கேட்டு மகிழ்ந்த இலங்கை வானொலியின் வேர், பகைவர் கப்பலின் பழங்கருவியைப் பிரித்துப் பூட்டிய ஒருவர் கையில் இருக்கிறது.

அமெச்சூர்கள் சிற்றலையைக் கைக்கொண்டதற்கும் ஒரு காரணம் உண்டு. 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள் நெடுந்தூரத்துக்குப் பயன்படா என்று வல்லுநர் கருதி, அவற்றை ஆர்வலருக்கு ஒதுக்கிவிட்டனர். ஒதுக்கப்பட்ட அந்த அலைகளைக் கொண்டே 1923 நவம்பரில் பிரான்சு, அமெரிக்க ஆர்வலர்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி உரையாடினர். 1924 அக்டோபர் 18-இல், இங்கிலாந்தில் மில் ஹில் பள்ளியின் மாணவர் செசில் கோய்டர் தம் பள்ளியிலிருந்தே நியூசிலாந்தின் பிராங்க் பெல்லுடன் செய்தி பரிமாறினார். அம்மாணவரே பின்னர் 1936-இல் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளரானார். சென்னை நிலையம் அமைந்தது அவர் காலத்திலேயாம். பள்ளி மேசையில் கற்ற கைத்திறன் ஒரு பெருநாட்டின் ஒலிபரப்புக்கு அடித்தளமாயிற்று என்பது ஆசிரியர்களும் மாணவர்களும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ரப்பர் தேயும் நாடு

கிள்ளான் பள்ளத்தாக்கு இக்கலைக்கு ஏற்ற நிலமாக இருந்தது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த எழுத்தர், நிலைய அதிகாரிகள், தொழிலாளர் பலர் அங்கு வாழ்ந்தனர். செந்தூல் இரயில்வேப் பட்டறையில் இரும்பையும் செம்பையும் கையாண்டவருள் தமிழர் மிகுதி. கிள்ளான் ஆற்றின் முகத்தில் 1901-இல் திறந்த போர்ட் சுவெட்டன்காம் துறைமுகம், 1972 முதல் போர்ட் கிள்ளான் எனப்படுவது, கடல் கடந்த சரக்குகளுக்கு வாயிலாயிற்று. ஆயினும் வால்வும் சுருளும் இந்நாட்டில் செய்யப்படுவன அல்ல. ஒன்று கெட்டால் கப்பலுக்குக் காத்திருத்தல் வேண்டும். அன்றேல் உள்ளதைக் கொண்டு சீர்செய்தல் வேண்டும். எனவே இந்நாட்டில் வானொலிக் கலை என்பது பெரும்பாலும் பழுது நீக்கும் கலையாகவே வளர்ந்தது.

பழுதுக்கோ குறைவில்லை. இங்குள்ள வெப்பமும் ஈரமும் ஐரோப்பியக் கருவிகளுக்குப் பகை. மெழுகு தோய்த்த தாள்களைச் சுருட்டிச் செய்த கண்டென்சர் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடும். கரியால் செய்த மின்தடைகள் காலம் செல்லச் செல்லக் குறித்த அளவைவிட ஏறிவிடும். டிரான்ஸ்பார்மரின் மயிரிழை போன்ற செப்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறி, ஒருநாள் அற்றுப்போகும். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியக் காடுகளுக்கு அனுப்பிய கருவிகள் பூஞ்சணம் பிடித்துக் கெட்டதனாலேயே, உறுப்புகளுக்கு மெருகெண்ணெய் பூசி அடைக்கும் முறையைப் படைத்துறையினர் கைக்கொண்டனர்.

இவற்றுள் ஒரு பழுது இந்நாட்டார்க்குத் தனிப்பொருள் உடையது. பழைய பெட்டிகளின் உட்கம்பிகள் பல ரப்பர் உறையிட்டவை. ஆண்டுகள் செல்ல அந்த ரப்பர் இறுகி, வெடித்து, விரல் பட்டதும் பொடியாக உதிரும். மலாயா அக்காலத்தில் உலகுக்கு ரப்பர் அளித்த நாடுகளுள் முதன்மையானது. விடியுமுன் எழுந்து பால் வெட்டிய தோட்டத் தொழிலாளியின் உழைப்பு, கப்பலேறி, ஐரோப்பிய ஆலையில் கம்பிக்கு உறையாகி, பெட்டிக்குள் அமர்ந்து திரும்பி வந்திருத்தலும் கூடும். ரப்பருக்கு முன்னரே மலாயாக் காட்டு மரத்தின் பிசினாகிய கட்டாப்பெர்ச்சா, கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகி உலகை இணைத்தது. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இட்ட கம்பிக்கும் அதுவே உறை. செய்தித் தொடர்பின் வரலாற்றில் மலாயா வெறும் கேட்போனாக மட்டும் இருக்கவில்லை.

தண்டனைக்குரிய சுருள்

ஐரோப்பாவில் போர் மூண்ட 1939-இல் பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் அமெச்சூர் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. 1942-இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றிய பின்னர், ஒலிபரப்புவது மட்டுமன்றிக் கேட்பதும் குற்றமாயிற்று. வீட்டுப் பெட்டிகளில் சிற்றலைப் பகுதியை நீக்கவேண்டும் என்பது ஆணை. உள்ளூர் நிலையத்தைக் கேட்கலாம். இலண்டனையும் தில்லியையும் கேட்டலாகாது.

பேராக் மாநிலத்தின் பாப்பான் ஊரில் வாழ்ந்த சிபில் கார்த்திகேசு அம்மையாரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அவர் கணவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு இலங்கைத் தமிழர் வழியினர். அம்மையார் தம் இல்லத்தில் வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து, அதற்கு ‘ஜோசபின்’ என்று மறைபெயரிட்டு, நேச நாடுகளின் செய்தியைக் கேட்டு வந்தார். காட்டில் இருந்த எதிர்ப்புப் படையினர்க்கு மருத்துவமும் செய்தார். 1943-இல் சிறைப்பட்டு அவர் பட்ட துன்பம் சொல்லில் அடங்காது. அத்துன்பத்தின் விளைவுகளாலேயே 1948-இல் உயிர் நீத்தார். சிங்கப்பூரில் 1943 அக்டோபர் 10-இல் ஜப்பானியக் காவற்படையினர் சாங்கிச் சிறையைச் சோதித்து, மறைத்து வைத்த வானொலிகளைத் தேடினர். அதனைத் தொடர்ந்து 57 பேர் வதைக்கப்பட்டு, 15 பேர் மாண்டனர். சயாம் இரயில் பாதை முகாம்களிலும் போர்க் கைதிகள் தண்ணீர்க் குப்பி போன்ற பொருள்களுக்குள் சிறு வானொலிகளை அமைத்து ஒளித்துக் கேட்டனர். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் ஆயிரக்கணக்கில் மடிந்தனர்.

சிற்றலைச் சுருள் என்பது சில சுற்றுக் கம்பியேயன்றி வேறன்று. எத்தனை சுற்று, எவ்வளவு அகலக் குழாய் என்பதை அறிந்தவனுக்கு அதனை மீண்டும் அமைத்தல் அரை மணி நேர வேலை. பிடிபட்டால் அவ்வறிவே அவன் உயிருக்கு உலையாகும். அக்காலத்தில் பழுது நீக்கத் தெரிந்த கைக்கு நேர்ந்த இடர் இத்தகையது.

போருக்குப் பின்

போர் முடிந்ததும் படைகளின் மிகுபொருளாகிய வானொலிக் கருவிகள் பல நாடுகளில் மலிவாக விலைப்பட்டன. லங்காஸ்டர் விமானத்தில் இருந்த ஆர் 1155, அமெரிக்க விமானங்களின் பி.சி. 348 முதலியவை ஆர்வலர் மேசைகளை அடைந்தன. விமானத்தின் 28 வோல்ட் மின்சாரத்துக்கென அமைந்த பி.சி. 348-ஐ வீட்டு மின்சாரத்துக்கு மாற்றுவதே பலர்க்கு முதற்பாடமாயிற்று. பர்மிங்காமில் செய்த எடிஸ்டோன் சிற்றலைப் பெட்டி வசதியுள்ளோர் விரும்பிய பொருள்.

மலாயா அமெச்சூர் வானொலி ஒலிபரப்பாளர் சங்கம் 1952-இல் அமைந்தது. அவசரகாலம் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. மலாயா நிலையங்களின் அழைப்புக் குறி அக்காலத்தில் ‘வி.எஸ். 2’ எனத் தொடங்கிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னர் அது ‘9 எம் 2’ ஆயிற்று. ஒரு பழைய ஒலிபரப்பியின் முகப்பிலோ அஞ்சல் அட்டையிலோ வி.எஸ். 2 எனக் கண்டால், அது விடுதலைக்கு முற்பட்டது எனத் துணியலாம். கல்வெட்டில் மன்னன் பெயர் காலம் காட்டுவதுபோல் இதுவும் காட்டும்.

1948-இல் தொடங்கி 1960-இல் முடிந்த அந்த அவசரகாலத்தில் அரசாங்கம் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுமக்கள் கூடிக் கேட்கும் வானொலிப் பெட்டிகளை வைத்தது. மின்சாரம் எட்டாத தோட்டங்களில் அவை பேட்டரியால் இயங்கின. லயத்து மக்கள் பலர் தமிழ் ஒலிபரப்பை முதலில் கேட்டது அத்தகைய பெட்டியில்தான். 1947-இல் கண்டுபிடித்த டிரான்சிஸ்டர், 1950-களின் பிற்பகுதியில் சிறு பெட்டிகளாக வந்ததும் வால்வுப் பெட்டி மூலைக்குச் சென்றது.

பழுது காணும் முறை

நெடுநாள் உறங்கிய வால்வுப் பெட்டியைக் கண்டதும் மின்சாரத்தில் மாட்டி விசையைத் தட்டுவதே பலர் செய்யும் முதற்பிழை. மின்வழங்கும் பகுதியில் உள்ள பெரிய கண்டென்சரின் உள்ளே அலுமினியத் தகட்டின்மீது ஒரு மெல்லிய படலம் உண்டு. பல ஆண்டு மின்சாரம் இன்றிக் கிடந்தால் அப்படலம் நைந்துவிடும். முழு மின்னழுத்தமும் திடீரெனப் பாய்ந்தால் கண்டென்சர் கொதித்து வெடிக்கலாம். அதனுடன் திருத்தி வால்வும் டிரான்ஸ்பார்மரும் அழியும். கண்டென்சருக்குச் சில வெள்ளிகளில் மாற்று உண்டு. எரிந்த டிரான்ஸ்பார்மருக்கு மாற்றுக் கிடைப்பது அரிது.

ஆதலின் முதலிற் கண்ணால் நோக்கல் வேண்டும்: உதிர்ந்த உறை, ஒழுகிய மெழுகு, கருகிய தடை, எலி கடித்த கம்பி. பின்னர் அளவுமானியால் டிரான்ஸ்பார்மரின் சுற்றுகள் அறாமல் உள்ளனவா எனக் காணல் வேண்டும். அதன் பின்னரே மின்சாரம். அதுவும் 40 அல்லது 60 வாட் விளக்கு ஒன்றைப் பெட்டியுடன் தொடராக இணைத்துத் தருதல் நன்று. விளக்கு ஒளிர்ந்து பின் மங்கினால் உள்ளே பெருங்குற்றம் இல்லை. முழு ஒளியுடன் நின்றால் எங்கோ குறுக்குச் சுற்று உண்டு. விளக்கு அத்தீங்கைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது என்க.

மின்சாரம் ஏறியும் ஓசை எழவில்லையாயின், ஒலிபெருக்கியிலிருந்து ஏரியலை நோக்கிப் பின்புறமாகச் செல்வதே முறை. இறுதி வால்வின் வாயிலில் சிறு ஒலிக்குறியைச் செலுத்தி ஒலிபெருக்கி பேசுகிறதா எனக் காணல். பேசினால் அதற்கு முந்திய வால்வுக்குச் செல்லல். எங்கு ஒலி நிற்கிறதோ அவ்விரு இடங்களுக்கு நடுவே குற்றம் இருக்கும். ஓசை கரகரத்து, இறுதி வால்வு மிகச் சூடேறினால், அதற்கு முன்னுள்ள இணைப்புக் கண்டென்சர் கசிகிறதா என்று முதலில் ஐயுறல் வேண்டும். அலை ஒருமைப்படுத்தும் திருகுகளை மட்டும் உரிய அளவுக் கருவி இன்றித் தொடலாகாது. பழுது வேறெங்கோ இருக்க, சரியாயிருந்த திருகுகளைத் திருப்பிக் கெடுத்த பெட்டிகள் பல.

உயிர்க்காப்பும் ஒரு விதி. ஒலிவாங்கிப் பெட்டியில் 250 வோல்ட்டுக்கு மேலும், ஒலிபரப்பியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் இருத்தல் கூடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்சர் அதனைத் தேக்கி வைத்திருக்கும். தக்க தடை ஒன்றின் வழியே அதனை வடித்த பின்னரே கைவைத்தல் வேண்டும். சில பெட்டிகளில் இரும்புச் சட்டமே நேரடியாக வீட்டு மின்சாரத்துடன் இணைந்திருக்கும். மாணவர் இப்பணியைத் தேர்ந்த ஒருவர் அருகில் இருக்கையிலன்றித் தனியே செய்தல் ஆகாது.

எது பழுது, எது சான்று?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வரலாம். ஒரு பெட்டியின் சிற்றலைச் சுருள் வெட்டுண்டிருக்கிறது என்க. கைத்தொழிலன் அதனைப் பழுது என்பான். உடனே புதிய சுருள் சுற்றுவான். ஆயின் அவ்வெட்டு 1942-ஆம் ஆண்டின் ஆணைக்கு அஞ்சி ஒருவர் செய்ததாக இருக்கக் கூடும். வெட்டிய இடத்தில் பிற்காலப் பற்றாசு ஒட்டியிருந்தால், எவரோ மறைவாகவோ போர் முடிந்த பின்னரோ அதனை மீட்டனர் என்பதற்குக் குறியாகலாம். அத்தடயத்தைச் சுரண்டி எறிந்துவிட்டால் பெட்டி நன்கு பேசும். அதன் வரலாறோ ஊமையாகிவிடும். படைக் கருவியின் விமான மின்சார அமைப்பு, கைதேர்ந்தார் வெட்டி ஒட்டிய மாற்றங்கள், பென்சிலால் எழுதிய அலை எண்கள் ஆகிய அனைத்தும் இத்தன்மையவே.

இதனால் பழுதை நீக்கலாகாது என்பதன்று பொருள். கசியும் கண்டென்சரை அப்படியே விட்டால் டிரான்ஸ்பார்மரும் போய்விடும். நீக்குவதை முறையோடு நீக்குக என்பதே பொருள். பிரிக்குமுன் நிழற்படம் எடுத்தல் வேண்டும். மெழுகுக் கண்டென்சரின் உள்ளீட்டை அகற்றி, அதன் பழைய கூட்டுக்குள்ளேயே இக்காலச் சிறு கண்டென்சரைப் பொருத்தும் முறை தோற்றத்தையும் காக்கும், பயனையும் தரும். கழற்றிய உறுப்புகளை உறையிலிட்டுப் பெட்டியின் உள்ளேயே வைத்து, இன்ன நாளில் இன்னது மாற்றப்பட்டது எனத் தாளில் எழுதி வைத்தல் வேண்டும். வெட்டுண்ட சுருளாயின், அதனைத் தொடாது விடுத்து, மத்திய அலையில் மட்டும் பெட்டியைப் பேசச் செய்தலே மேல். வெட்டியவர் எந்நிலையத்தை மட்டும் கேட்க விடப்பட்டாரோ, அந்நிலைக்கே பெட்டி அப்போது சாட்சியாக நிற்கும்.

காலம் அதிகம் இல்லை. பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில் முற்றம் இருந்த இடத்தில் 2001-இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. ‘நூறு குவார்ட்டர்ஸ்’ எனப்பட்ட ஊழியர் குடியிருப்பும் பின்னர் இடிக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வீடு மாறுகையில் முதலில் பழைய இரும்புக்காரரிடம் செல்வது கனத்த, பேசாத பெட்டியேயாம். வாங்குபவருக்கு அதன் மதிப்பு உள்ளிருக்கும் செம்பின் எடை மட்டுமே.

ஆதலின் ஒரு வீட்டில் அத்தகைய பெட்டி இருக்குமாயின், முதலிற் செய்யத்தக்கது அதனைத் திறப்பதன்று. அது யார் வாங்கியது, எந்த லயத்தில், எந்தக் குவார்ட்டர்ஸில் இருந்தது, போர்க்காலத்தில் எங்கே ஒளித்து வைத்தனர் என்று அவ்வீட்டு முதியோரைக் கேட்டு எழுதிக்கொள்வதேயாம். டிரான்ஸ்பார்மரை அடுத்த ஆண்டும் சுற்றிக்கொள்ளலாம். அந்த விடைகளைச் சொல்லக் கூடியவர் அடுத்த ஆண்டும் இருப்பார் என்று எவரும் உறுதி கூறல் இயலாது.